காணாமல் போன கீறல்

"கீறலைக் காணோம் மேடம்," என்றார் சுப்பராயன்.

டீ கிளாஸை வாய்க்குக் கொண்டுபோன துலுக்கானம் பாதி வழியிலேயே கையை நிறுத்தினான். முகப்பேரில் மருந்துக் கடைக்கு மேலே இருக்கும் இந்தத் துப்பறியும் ஆபீசுக்கு நகையைக் காணோம் என்று வந்திருக்கிறார்கள். நாயைக் காணோம் என்று வந்திருக்கிறார்கள். கல்யாணமாகி ஒரு மாதமே ஆன புருஷனைக் காணோம் என்றுகூட ஒரு பெண் வந்து, கண்டுபிடித்துக் கொடுத்ததும் 'இவரேதானா?' என்று அலுத்துக்கொண்டு போனாள். கீறலைக் காணோம் என்று யாரும் வந்ததில்லை.

"எதுல இருந்த கீறல்?" என்றாள் ஜெபா. அவள்தான் முதலாளி. இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில் விபத்துக் கதைகளைச் சரிபார்க்கும் வேலையில் இருந்து, பொய் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போய் வெளியே வந்தவள்.

"கார் வீல்ல. முன்னாடி, இடது பக்கம்."

"நல்லதுதானே சார் நடந்துகீது?" என்றான் துலுக்கானம். "சூடம் கொளுத்தி ஒரு தேங்கா ஒடச்சிட்டு, ஊட்டுக்குப் போய் நிம்மதியா தூங்குங்க."

ஜெபா ஒரு பார்வை பார்த்தாள். துலுக்கானம் டீயைக் குடித்தான். ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவனை, அம்பத்தூர் முதல் பூந்தமல்லி வரை அவனுக்குத் தெரியாத சந்து கிடையாது என்பதற்காகத்தான் அவள் வேலைக்கு வைத்துக்கொண்டாள். வாய் அதோடு இலவசமாக வந்தது.

சுப்பராயனுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் போல்ட் நட் செய்யும் தொழிற்சாலை. அறுபது வயதிலும் சட்டைப் பையில் அளக்கும் டேப் வைத்துக்கொண்டு அலைகிற மனிதர். கார் அவருடையது இல்லை, மகன் விஷாலுடையது. மஞ்சள் நிற ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட். பெங்களூரில் அவன் குடியிருக்கும் ஃபிளாட்டில் நிறுத்த இடமில்லை என்று இங்கே கொண்டுவந்து விட்டிருந்தான்.

"யாரும் அதைத் தொடவே கூடாதுன்னு கண்டிஷன் மேடம். உறை போட்டு மூடி வெச்சிருக்கோம்."

"உறைக்குள்ள இருக்கிற வீல்ல கீறல் இருந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

சுப்பராயன் மின்விசிறியைப் பார்த்தார். பிறகு துலுக்கானத்தைப் பார்த்தார். அங்கிருந்து உதவி வருவதாகத் தெரியவில்லை.

"ஆயுத பூஜைக்குப் பையன் காரைக் கொண்டுவந்து பூஜை போட்டுட்டு, பஸ்ஸுல பெங்களூர் போயிட்டான். அடுத்த ஞாயித்துக்கிழமை விடியக்காலையில... சும்மா ஒரு ரவுண்டு. பூந்தமல்லி வரைக்கும். அங்க ஒரு ஓட்டல்ல பொங்கல் நல்லா இருக்கும்."

"பொங்கலுக்கா சார் அந்தக் காரு?" என்றான் துலுக்கானம்.

"நடு ரோட்டுத் தடுப்பை ஒட்டி வளைக்கும்போது 'க்ர்ர்ர்க்'னு ஒரு சத்தம். வீட்டுக்கு வந்து பார்த்தா வீல் ஓரத்துல உள்ளங்கை நீளத்துக்குக் கீறல். உறையைப் போட்டு மூடிட்டேன். மறுநாளே வேலையா கோயம்புத்தூர் போக வேண்டியதாப் போச்சு. நேத்து ராத்திரிதான் வந்தேன். பையன் இன்னிக்கு சாயங்காலம் வர்றான், அதுக்குள்ள ரிப்பேர் பண்ணிடலாம்னு காலையில உறையைத் தூக்கினா, வீல் பளபளன்னு இருக்கு. ஒரிஜினலைக் கழட்டி வித்துட்டு டூப்ளிகேட்டை மாட்டிட்டாங்க மேடம்!"

"யாரு?"

அவர் குரல் இறங்கியது. "வேம்புலி. எங்க டிரைவர். பதினெட்டு வருஷமா இருக்கான். சாவி அவன்கிட்டதான் இருக்கும். காலையில வாங்கி வெச்சுக்கிட்டேன். வேற யாராவதுன்னு நீங்க சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்க, சந்தோஷப்படுவேன். இல்லேன்னா போலீஸ் ஸ்டேஷன்ல எழுதிக் கொடுத்துடுவேன்."

துலுக்கானத்துக்கு டீ கசந்தது. ஒரு டிரைவரிடமிருந்து சாவியை வாங்கி வைத்துக்கொள்வது என்றால் என்ன என்று இன்னொரு டிரைவருக்குத்தான் தெரியும். கிளாஸை வைத்துவிட்டு ஆட்டோ சாவியை எடுத்தான்.

*

முகப்பேர் கிழக்கில் சுப்பராயன் வீடு. கேட்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு வேம்புலி உட்கார்ந்திருந்தார். ஐம்பது தாண்டிய மனிதர். சாவிக்கொத்து இல்லாத அந்தக் கைகளை என்ன செய்வது என்று அவருக்கே தெரியவில்லை.

ஜெபா நேரே காருக்குப் போனாள். துலுக்கானம் கேட்டருகில் ஒதுங்கினான்.

"அண்ணாத்தே, நானும் ஸ்டேரிங் புட்ச்சவன்தான். ஒளிக்காம சொல்லு. வீல ஆட்டய போட்டியா?"

"இல்ல."

"அப்போ இன்னாதான் நடந்துச்சு?"

"சொல்ல மாட்டேன் நைனா."

தெரியாது என்று சொல்லவில்லை, சொல்ல மாட்டேன் என்கிறார். துலுக்கானம் அதை மனதில் முடிந்துகொண்டு காருக்கு வந்தான்.

சுப்பராயனின் மனைவி சாவித்திரி காபி கொண்டுவந்து கொடுத்தார். தட்டில் டம்ளர்கள் கடகடவென்று ஆடின. காரை மட்டும் தவிர வீட்டில் உள்ள எல்லாவற்றையும் அவர் பார்த்தார். சுவரைப் பார்த்தார், குரோட்டன்ஸ் செடியைப் பார்த்தார், துலுக்கானத்தின் செருப்பைக்கூடப் பார்த்தார்.

ஜெபா தரையில் மண்டியிட்டு வீலின் ஓரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

"இங்க தொட்டுப் பாருங்க துலுக்கானம்."

தொட்டான். விரல் நூலிழை இறங்கி ஏறியது.

"டூப்ளிகேட் வீல் வாங்கி மாட்டினா அதுல பள்ளம் எதுக்கு வருது? இது பழைய வீலேதான். கீறலைத் தேய்ச்சு, மேல பெயிண்ட் அடிச்சிருக்காங்க."

"அப்போ திருடன் வந்து, கழட்டி எடுத்துகினு போயி, ரிப்பேரு பண்ணி, திரும்ப மாட்டிட்டுப் போய்க்கீறான்." துலுக்கானம் கையெடுத்துக் கும்பிட்டான். "அவன் அட்ரஸு கெடச்சா என் ஆட்டோவ ரெண்டு நாளு தெருவுல நிறுத்தி வெப்பேன் மேடம்."

ஜெபா தலையிலிருந்து ஹேர்பின்னை எடுத்து, நட்டு மாட்டும் ஓட்டைக்குள் விட்டுச் சுரண்டினாள். ஹேர்பின் நுனியில் கடுகளவு பெயிண்ட் வந்தது. வெள்ளி நிற வீலுக்குள் இருந்து வந்த அந்தத் துளி வெளிர்ப் பச்சையாக இருந்தது.

"பெயிண்ட் அடிச்சு ஓவன்ல வேக வைக்கிறதுக்கு வீலைக் கொக்கியில மாட்டுவாங்க. கொக்கியில முன்னாடி போன சரக்கோட பெயிண்ட் ஒட்டியிருக்கும். அந்தப் பட்டறையில தினமும் ஓடறது வீல் இல்ல, இந்தப் பச்சை. இதை எங்கயாவது பார்த்திருக்கீங்களா?"

துலுக்கானம் பார்த்த உடனே சொல்லிவிட்டான். "ஆஸ்பத்திரிக் கட்டிலு! எம் பொஞ்சாதி ரெண்டாவது பிரசவத்துக்குப் படுத்துகினு இருந்தப்போ, அது மூஞ்சியப் பாக்க பயந்துகினு நான் கட்டிலத்தான் பாத்துகினு இருந்தேன். அதே பச்ச."

"கட்டில் செய்யற பட்டறை?"

"பாரிவாக்கத்துல ஒண்ணு கீது. பட்டாபிராம்லேர்ந்து பைப்பு லோடு அடிச்சிகீறேன். வுடுங்க வண்டிய... ஓ, நான்தான் வுடணும்."

*

அயனம்பாக்கம், திருவேற்காடு என்று துலுக்கானத்தின் ஆட்டோ பள்ளங்களை ஒவ்வொன்றாக நலம் விசாரித்துக்கொண்டு போனது. பாரிவாக்கத்தில் பாதி வயலும் பாதி வீட்டு மனையுமாக இருந்த இடத்தில் தகரக் கொட்டகை. உள்ளே பச்சைக் கட்டில்கள் கொக்கியில் வரிசையாகத் தொங்கின. பட்டறைக்காரர் பாண்டியன் முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு வந்தார்.

"கார் வீலா? நாங்க கட்டில் மட்டும்தாங்க."

கேட்டால் சொல்ல மாட்டார் என்று துலுக்கானத்துக்கே தெரிந்தது. ஜெபா கேட்கவில்லை. திரும்பி நடந்தபடியே, "நல்ல வேளை," என்றாள். "அந்த வேலை நீங்க செஞ்சதா இருந்தா உங்களுக்குத்தான் கேவலம். பள்ளம் அப்படியே தெரியுது. சின்னப் பையன் கிரேயான் தேய்ச்ச மாதிரி இருக்கு."

"எவன் சொன்னான்?" பாண்டியன் முகமூடியைக் கழற்றியே விட்டார். "வெயில்ல வெச்சுப் பார்த்தாலும் கண்ணுக்குத் தெரியாதுங்க! அந்தம்மா என்னைக் கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போனாங்க!"

"எந்த அம்மா?" என்றாள் ஜெபா.

பாண்டியன் வாயை மூடினார். வெளியே வந்த வார்த்தையை இனி எந்தக் கொக்கியிலும் மாட்ட முடியாது.

"நீங்களே சொல்லிட்டீங்க மாமே," என்றான் துலுக்கானம். "மீதியையும் வுடுங்க. ஒரு டிரைவரு பொழப்பு போவப் போவுது."

அந்தக் கடைசி வார்த்தை வேலை செய்தது. பாண்டியன் பெருமூச்சு விட்டுவிட்டுச் சொன்னார். "நரைச்ச தலை, வைர மூக்குத்தி. டிரைவரோட வந்தாங்க. புருஷன் வெளியூர் போயிருக்காராம். ஆவடியில ஏரியைச் சுத்தி அந்த டிரைவர்கிட்ட கார் ஓட்டக் கத்துக்கறாங்களாம். பையனோட காரைத் தொட்டுப் பார்க்கணும்னு ஆசைப்பட்டு ஒரு சுத்து ஓட்டிட்டு, இறங்கிப் பார்த்தா வீல்ல கீறல். 'நான்தான் இடிச்சுட்டேன், எம் புள்ளைக்கும் புருஷனுக்கும் தெரியக் கூடாது'ன்னு ஒரே அழுகை. 'யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்'னு அந்த டிரைவரைக் கையில அடிச்சுச் சத்தியம் பண்ண வெச்சாங்க. இதோ, இந்த இடத்துலதான்."

துலுக்கானம் தொடையில் தட்டினான். "முடிஞ்சிது மேடம்! அய்யா இடிச்சத அம்மா, தான் இடிச்சதா நெனச்சி ரிப்பேரு பண்ணிகீது. அம்மா பண்ண ரிப்பேர அய்யா திருட்டுன்னு நெனச்சிகீறாரு. நடுவுல டிரைவரு சத்தியத்த முழுங்கிட்டு ஒக்காந்துகீறாரு. வாங்க, போற வழியில பிரியாணி."

ஜெபாவும் கிளம்பத்தான் இருந்தாள். மனசு ஆறாத பாண்டியன் பின்னாலிருந்து குரல் கொடுத்தார்.

"வேலையைக் குறை சொல்லாதீங்கம்மா. தேய்க்கிறதுகூட சுலபம். கீறலுக்குள்ள அடைச்சிருந்த சந்தனத்தைச் சுரண்டி எடுக்கத்தான் என் உயிர் போச்சு. காஞ்சு கல்லாட்டம் இருந்தது. அதோட குங்குமம் வேற."

ஜெபா நின்றுவிட்டாள்.

"கீறலுக்கு உள்ளேயா? மேலேயா?"

"உள்ளே. இண்டு இடுக்கு விடாம."

ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அவள் பேசினாள். முகத்தில் சிரிப்பு கசிந்துகொண்டிருந்தது. "துலுக்கானம், சுப்பராயன் சார் காரை எடுத்தது எப்போ?"

"பூஜ முடிஞ்ச ஞாயித்துக்கிழம."

"வீலுக்குச் சந்தனம் வெச்சது?"

"பூஜையன்னிக்கு..." துலுக்கானத்தின் கை ஆக்ஸிலேட்டரில் தளர்ந்தது. வண்டி ஒரு குலுக்கலோடு நின்றது. "யம்மாடி! சார் இடிச்சிருந்தா சந்தனம் தேஞ்சி போயிருக்கும். கீறலுக்கு உள்ள சந்தனம் போயிருக்குன்னா, பூஜைக்கு முன்னாடியே கீறல் இருந்துகீது. அய்யாவும் இடிக்கல, அம்மாவும் இடிக்கல!"

"வண்டி ஓட ஓட மேலாப்ல இருந்த சந்தனம் உதிர்ந்திருக்கு. கீறல் வெளியே தெரிஞ்சிருக்கு. யார் யார் இறங்கிப் பார்த்தாங்களோ, அவங்கவங்க 'நான்தான்'னு நெனச்சுட்டாங்க."

"அப்போ நெசமா இடிச்சது யாரு?"

"எல்லா வீலுக்கும் பொட்டு வெக்கிறோம். ஒரு வீலுக்கு மட்டும் ஒருத்தர் அப்பி வெச்சிருக்கார். அவர் இன்னிக்கு அந்த வீலைப் பார்க்கணும். அப்ப அவர் முகத்தை நாம பார்க்கணும். கிளம்புங்க, பிரியாணி அப்புறம்."

*

சாயங்காலம் போர்டிகோவில் எல்லாரும் இருந்தார்கள். சுப்பராயன் சாவிக்கொத்தைச் சட்டைப் பையில் போட்டு, அதன் மேல் கையை வைத்துக்கொண்டிருந்தார். சாவித்திரி குரோட்டன்ஸ் செடியிலிருந்து பழுக்காத இலைகளைக்கூடக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். வேம்புலி அதே நாற்காலியில் இருந்தார், மதியம் சாப்பிடவில்லை போலிருந்தது.

"யாருன்னு சொல்லுங்க மேடம்," என்றார் சுப்பராயன் ரகசியக் குரலில். "ஸ்டேஷனுக்குப் போகணுமா, வேண்டாமா?"

"உங்க பையன் வரட்டும் சார்."

டாக்ஸி வந்து நின்றது. விஷால் முதுகுப் பையோடு இறங்கினான். "ஹாய்ம்மா, ஹாய்ப்பா" என்றான், ஆனால் இருவர் முகத்தையும் பார்க்கவில்லை. நேரே காருக்குப் போனான். பின்பக்கம் உறை தரையில் புரண்டுகொண்டிருந்ததைக் கவனிக்கவில்லை. முன்பக்கம், இடது வீலுக்கு மேல் மட்டும் உறையைத் தூக்கினான். குனிந்தான். பளபளவென்று இருந்த வீலைப் பார்த்து பேயைக் கண்டவன் போல விழித்தான். கட்டைவிரலை எச்சில் பண்ணித் தேய்த்துப் பார்த்தான்.

"தம்பி," என்றாள் ஜெபா. "நாலு வீல் இருக்கு. அதுல மட்டும் எதைத் தேடறீங்க?"

விஷால் விருட்டென்று நிமிர்ந்து காரின் பக்கக் கண்ணாடியில் தலையை இடித்துக்கொண்டான்.

"ஒண்ணுமில்ல... காத்து கம்மியா இருக்கான்னு..."

"எச்சத் தொட்டா காத்து பாப்பாங்க?" என்றான் துலுக்கானம். "பெங்களூர்ல டெக்னாலஜி எங்கயோ போய்கினு கீதுப்பா!"

ஜெபா சிரிக்கவில்லை. "பூஜையன்னிக்கு இந்த வீலுக்குச் சந்தனம் வெச்சது நீங்கதானே? கீறலுக்குள்ள கல்லாட்டம் இருந்ததாம். பட்டறைக்காரர் ரொம்பக் கஷ்டப்பட்டாராம்."

விஷாலுக்கு இனி நகர இடமில்லை. "வர்ற வழியில... ஸ்ரீபெரும்புதூர்ல டீ குடிக்க ஓரங்கட்டினேன். பிளாட்பாரத்துல உரசிடுச்சு. யாரும் தொடாதீங்கன்னு அப்பாவுக்கு அவ்ளோ லெக்சர் கொடுத்துட்டு, நானே இடிச்சேன்னு எப்படிச் சொல்றது? அதான் பூஜைச் சந்தனத்தை எடுத்து..."

"அடப்பாவி!" சாவித்திரி இலையைக் கீழே போட்டார். "இந்த வீலுக்கு மட்டும் இவ்ளோ பக்தியான்னு அன்னிக்கே நெனச்சேனேடா! நான் இடிச்சுட்டேன்னு பத்து நாளா தூங்காம..."

"நீ ஓட்டினியா?" என்றார் சுப்பராயன்.

"நீங்க எதுக்கு இவங்களைக் கூட்டிட்டு வந்தீங்க? கீறல் இருந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் சாவித்திரி.

"அப்பா, நீங்களுமா?" என்றான் விஷால்.

"அப்போ அந்த 'க்ர்ர்ர்க்'?" சுப்பராயன் ஜெபாவிடம் பரிதாபமாகத் திரும்பினார்.

"காலித் தண்ணி பாட்டில் ஏதாவது நசுங்கியிருக்கும் சார். தரையோட தரையாப் போற வண்டி. அதுல உட்கார்ந்தா அப்பளம் உடைஞ்சாக்கூட இடி இடிச்ச மாதிரிதான் கேட்கும்."

முதலில் சிரித்தது சாவித்திரிதான். பிறகு மகன், அதற்குப் பிறகு வேறு வழியில்லாமல் சுப்பராயன். மூன்று பேரும் வீலைச் சுற்றி நின்று, யார் பெரிய திருடர் என்று ஒருவரை ஒருவர் கையை நீட்டிச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். துலுக்கானமும் சிரித்துக்கொண்டேதான் திரும்பினான். கேட்டருகில் வேம்புலி எழுந்து நின்றிருந்தார். அவர் சிரிக்கவில்லை.

"அண்ணாத்தே," என்றான் துலுக்கானம், "இத்தெல்லாம் உனுக்கு மொதல்லயே தெரியுமா?"

"தெரியும். சந்தனம் வெக்க சொல்லோ நான் பாத்துட்டேன். தம்பி சத்தியம் வாங்கிக்கிச்சு. அப்பால அம்மா அழுதாங்க. நீங்க இடிக்கலம்மான்னு சொல்ல நாக்கு வரிக்கும் வந்துச்சு. தம்பிக்கு குடுத்த சத்தியம் தடுத்துச்சு. அம்மாவும் ஒரு சத்தியம் வாங்கிக்கினாங்க."

ஒவ்வொருவர் சிரிப்பாக நின்றது. சுப்பராயன் பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு நடந்து போனார். அந்தத் தூரம் அவருக்கு நிறைய இருந்தது. சாவியை நீட்டினார். வேம்புலி வாங்கவில்லை.

"ஒரு வார்த்த என்னக் கேட்டிருக்கலாமேய்யா."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பியா?"

"சொல்லியிருக்க மாட்டேன்," என்றார் வேம்புலி. "ஆனா கேட்டிருக்கலாம்."

பதினெட்டு வருஷமாக சுப்பராயன் அந்த மனிதரிடம் ஏழு மணிக்கு வந்துடு, எட்டு மணிக்கு வந்துடு என்று சொல்லித்தான் பழக்கம். நீட்டிய சாவியோடு கை அந்தரத்தில் நின்றது. ஜெபா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.  என்ன சொன்னாலும் இப்போது தப்பாகிவிடும் என்று, துலுக்கானம் வாழ்க்கையில் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டு நின்றான்.

"தப்புப் பண்ணிட்டேன் வேம்புலி," என்றார் சுப்பராயன், மனைவிக்கும் மகனுக்கும் கேட்கும்படி. "நாளைக்கு வருவியா?"

வேம்புலி அவர் முகத்தைப் பார்த்தார். மஞ்சள் காரைப் பார்த்தார். அதன் பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்ற சாவித்திரியைப் பார்த்தார். பிறகு சாவிக்கொத்தை வாங்கி, எப்போதும் போல விரலில் மாட்டிக்கொண்டார்.

"வந்துதான் ஆவணும்யா," என்றார். "அம்மாவுக்கு இன்னும் ரிவர்ஸு வரல."